சவுரிராயன் மீன் தொட்டிக்கு விளக்கு பார்த்தது

திரு. அ. சவுரிராயன். வயது நாற்பத்திரண்டு. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். இடது மணிக்கட்டில் தழும்பு. மார்பு விரிவு திருப்திகரம். இரு கண்களின் பார்வையும் பழுதற்றது. இரவிலும் பகலிலும் பயணிகள் வண்டி ஓட்ட முழுத் தகுதி உள்ளவர்.

1962 பிப்ரவரியில் லட்சுமியம்மாள் மோட்டார் சர்வீஸ் கம்பெனியின் டாக்டர் தம் கைப்பட எழுதி, கையெழுத்திட்டு, ரப்பர் முத்திரையும் வைத்துக் கொடுத்த சான்றிதழ் இது. இதில் உயரமும் தழும்பும் உண்மை. மார்பைப் பற்றி எனக்குத் தெரியாது. கண்ணைப் பற்றி எழுதியிருப்பது பொய். ஆனால் டாக்டர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல, சவுரிராயனும் அல்ல. பொய் சொல்லத் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து இப்படி ஒரு பொய்யை உண்டாக்கி, அதற்கு முத்திரையும் குத்தியதுதான் விசேஷம்.

கம்பெனி என்றால் ஆறு பஸ், ஒரு கொட்டகை, ஒரு முதலாளி. முதலாளி பெயர் சீனுவாசன். லட்சுமியம்மாள் அவருடைய தாயார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வண்டிகள் போய்வந்தன. டிரைவர்களுக்கு வருஷம் ஒரு தடவை விழுப்புரத்தில் கண் பரிசோதனை. டாக்டர் அறைச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். அதில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் ஆங்கில எழுத்துகள். முதல் வருஷம் போன டிரைவர் ஒருவருக்குக் கழுகுக் கண். ஆனால் ஆங்கிலம் தெரியாது. "மேல ஒரு சீப்பு இருக்குதுங்க. அதுக்குக் கீழ ஒரு கொடிக்கம்பம், ஒரு அகப்பை" என்று பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். டாக்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கொட்டகையில் டிரைவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கண் டெஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, இது இங்கிலீஷ் பரீட்சை. பரீட்சை என்றால் படித்துவிட்டுப் போவதுதானே முறை? கம்பெனிக் கணக்குப்பிள்ளை அட்டையைப் பார்த்து எழுதி வந்தார். டயர் கழற்றும்போதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போதும், "ஈ... எஃப்பு பி... டீ ஓ இஸட்டு..." என்று ராகம் போட்டு உருப்போட்டார்கள். ஒரு ஆள் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் தேறினார்கள். கம்பெனி டிரைவர்களின் பார்வையைப் பற்றி டாக்டருக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் ஏற்பட்டது.

சவுரிராயன் அந்தப் பாட்டைப் படித்த காலத்தில் அவர் கண் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கண் மெல்லமெல்லக் கெட்டது, பாட்டு கெடவில்லை.

சவுரிராயன் ஓட்டிய வண்டியில் தினமும் விழுப்புரம் போய்வந்தவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கு அவரைப் பற்றி இருந்த ஒரே குறை வேகம். அவர் வண்டியை நம்பி ரயிலுக்குப் போனவர்கள் அடுத்த ரயிலுக்குத்தான் போனார்கள். "சவுரிராயன் வண்டியா, கட்டுச்சோறு எடுத்துக்கினு ஏறு" என்பார்கள். ஆனால் பதினோரு வருஷத்தில் அவர் வண்டி ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. முதலாளி மற்ற டிரைவர்களைத் திட்டும்போதெல்லாம் அவருடைய நிதானத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார். அந்த நிதானத்துக்குக் காரணம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. நல்ல குணத்துக்குக் காரணம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

மீன் தொட்டி வந்தது 1958இல். பாண்டிச்சேரிக்குக் கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போன இடத்தில், ஊரைவிட்டுக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். கட்டில், பீங்கான், நாய்ச் சங்கிலி எல்லாவற்றையும் மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நாலரை அடி நீளம், இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று கேட்பாரற்று நின்றது. சவுரிராயன் அதை வைக்கோல் சுற்றி வண்டி மேலே கட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவி பொன்னி அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"இது இன்னாய்யா, சவப்பெட்டி மாதிரி?"

"மீன் வளக்கறது."

"கொழம்புக்கா?"

"பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கு நாப்பது கொடம் தண்ணி. கொழாயாண்ட வந்து நீ நில்லு, நான் வூட்ல குந்திக்கினு பாக்கறேன்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து பானையில் வந்த சிவப்பு மீன் நாலும் கறுப்பு மீன் இரண்டும் தொட்டியில் விடப்பட்ட ஒரு மாதத்தில், குழாயடியில் நாற்பது குடத்தையும் பொன்னியே பிடித்தாள். கறுப்பு மீன்களுக்குக் கறுப்பன் என்று பெயரும் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே பெயர்தான். எது எது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

வீட்டின் உள் அறைச் சுவரோரம்தான் அதற்கு இடம் இருந்தது. பகலிலேயே அங்கே இருட்டு. எனவே விளக்கு வேண்டியிருந்தது. சவுரிராயன் மண்ணெண்ணெய் டின் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, உள்பக்கம் சுண்ணாம்பு அடித்து, இருபத்தைந்து வாட் பல்பைத் தொங்கவிட்டுத் தொட்டிமேல் கவிழ்த்தார். செலவு அதிகமில்லை. வெளிச்சம் வெளியே சிதறாமல் தண்ணீருக்குள் இறங்கியது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்று வருஷம் அந்த விளக்கு போதுமானதாக இருந்தது.

1961 கடைசியில் அது மங்கிவிட்டது என்றார் சவுரிராயன்.

கடைத்தெருவில் வெங்கடாசலத்தின் எலக்ட்ரிக் கடைக்குப் போய் நாற்பது வாட் வாங்கினார். நாலு மாதம் கழித்து அறுபது. 1962 தீபாவளிக்கு நூறு கேட்டார்.

"மீனுக்கு நூறு வாட்டா?" என்றார் வெங்கடாசலம். "எம்பொண்ணு கல்யாணத்துக்கே நான் அறுவதுதான் போட்டேன். மாப்ள மூஞ்சி தெரிஞ்சா போதும்னு."

"மங்கலா இருக்குதுங்க."

"பல்பு மங்கலா இருக்காது சவுரிராயா. கரண்டு கம்மியா வந்தா மங்கும். உன் தெருவுல கரண்டு நல்லாத்தான வருது?"

"அப்ப தண்ணி கலங்கலோ இன்னாவோ."

அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. வெளிச்சம் கூடக்கூடத் தொட்டியில் பாசி கூடியது. பாசி கண்ணாடியை மறைத்தது. மறைப்பதால் இன்னும் வெளிச்சம் வேண்டும் என்றார் சவுரிராயன். பொன்னி தேங்காய் நார் வைத்துச் சுரண்டினாள். ஒரே வாரத்தில் மறுபடி பச்சை. நூறு வாட் வந்தபிறகு தண்ணீர் வெந்நீர் மாதிரி ஆகி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மீனைப் பார்ப்பதற்காகப் போட்ட விளக்கு மீனை அவிப்பது சவுரிராயனுக்கும் தெரிந்தது. விளக்கை மாற்ற வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். குறைக்க அல்ல, சூடில்லாமல் கூட்ட.

இதற்கு நடுவே 1963 பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் ஒரு சம்பவம் நடந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் திரும்பும் சாயங்கால வண்டி. பாதையெல்லாம் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள். காணை கிராமத்துக் கரும்பு வண்டி ஒன்றை எங்கள் பஸ் உரசிக்கொண்டு போனது. யாருக்கும் அடியில்லை. பத்துப் பன்னிரண்டு கரும்பு மட்டும் ஜன்னல் கம்பிகளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. நாங்கள் அதை உடைத்துத் தின்றோம். இனிப்பாக இருந்தது. விக்கிரவாண்டி தாண்டுமட்டும் வண்டியில் ஒரே சிரிப்பு. சவுரிராயன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் அவர் வெங்கடாசலத்திடம் டியூப்லைட்டைப் பற்றி விசாரித்தார். அப்போது திண்டிவனத்தில் டியூப்லைட் ஒன்றிரண்டு துணிக்கடைகளிலும் ஒரு வக்கீல் வீட்டிலும்தான் எரிந்தது. சோக், ஸ்டார்ட்டர், குழாயை மாட்டும் பட்டி எல்லாம் சேர்த்தால் டிரைவர் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். வெங்கடாசலம் நல்ல வியாபாரி. அதனால் விலையைக் கடைசியில்தான் சொன்னார்.

"சூடே கிடையாது. பகல் மாதிரி வெளிச்சம். கரண்டு செலவு நாப்பது வாட்டுதான். மொதல்ல வலிக்கும், அப்புறம் மிச்சம். ரெண்டு நாள் உன் வூட்ல மாட்டி எரியவுட்டுப் பாரு. புடிச்சா வச்சிக்கோ, இல்லன்னா நானே வந்து கழட்டிக்கினு போறேன்."

சனிக்கிழமை வந்து மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஞாயிறு, சவுரிராயனுக்கு ஓய்வு. பொழுது சாயும் நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். மூன்று விளக்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது கட்டுப்படியாகும் என்று முடிவு செய்வதாக ஏற்பாடு.

முதலில் பழைய இருபத்தைந்து.

"இதுலயே நல்லா தெரியுதே" என்றாள் பொன்னி.

"உனுக்கு இன்னா தெரியுது? மசமசன்னு இருக்குது."

நூறு வாட். "இது பரவால்ல. ஆனா சூடு."

பிறகு டியூப்லைட். இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது. பொன்னிக்குத் தன் கை நரம்பெல்லாம் தெரிந்தது. சுவரில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது தெரிந்தது. சவுரிராயன் கண்ணாடியில் மூக்கு படுமளவு குனிந்தார்.

"தோ, இதான் லைட்டு. இப்ப பாரு. செவப்பு மேல திரியுது. கறுப்பன் ரெண்டும் கல்லு பின்னால குந்திக்கினு இருக்குது."

"எங்க?"

"கல்லு பின்னாலடி. வழக்கமா இருக்கற எடந்தான். உனுக்குத் தெரியல?"

பொன்னி குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். கறுப்பு மீன் இரண்டும் அன்று மத்தியானம் செத்து மிதந்தன. அவற்றைக் கொட்டாங்கச்சியில் அள்ளி முருங்கை மரத்தடியில் புதைத்தவள் அவள். ஓய்வு நாளில் எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. பாசி சுரண்டுவதற்காகக் கல்லையும் எடுத்துக் கொல்லையில் போட்டிருந்தாள். தொட்டியில் கறுப்பு மீனும் இல்லை, கல்லும் இல்லை.

"நாளைக்கு சாயந்தர வண்டி நீதானா?" என்று கேட்டாள்.

"நான்தான். பின்ன யாரு?"

மறுநாள் காலையில் அவள் கண்டக்டர் பாண்டுரங்கன் வீட்டுக்குப் போனாள். எட்டு வருஷமாக சவுரிராயனோடு அதே வண்டியில் போகிறவன். அவளைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"எத்தினி நாளா பாண்டு?"

"ரெண்டு வருஷம் ஆவுது அண்ணி. பகல்ல அண்ணன் சமாளிச்சிக்கும். பொழுது போனாதான்..."

"அப்பறம் வண்டி எப்பிடி ஓடுது?"

"நான் தகரத்தைத் தட்டுவேன். ஒரு தட்டுன்னா லெஃப்ட்ல ஆளு. ரெண்டுன்னா எதிர்ல வண்டி. மூணுன்னா நிறுத்து."

பாண்டுரங்கன் படிக்கட்டில் நின்று வண்டியின் பக்கத் தகரத்தில் தட்டிக்கொண்டே வருவது எங்களுக்கெல்லாம் தெரியும். சங்கீத ஞானம் உள்ளவன் என்று நினைத்திருந்தோம். தாளம் சுத்தமாக இல்லை என்றுகூட ஒருவர் அபிப்பிராயம் சொன்னதுண்டு.

"கரும்பு வண்டி அன்னிக்கு?"

"டிக்கெட் கிழிச்சிக்கினு இருந்தேன் அண்ணி. ஒரு நிமிஷம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த வண்டி பின்னாலயே ரெண்டு பொம்பளைங்க நடந்து வந்துக்கினு இருந்தாங்க. புல்லுக்கட்டோட. அந்தாண்ட பக்கமா நடந்தாங்க. இந்தாண்ட நடந்திருந்தா..."

பொன்னி வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். சவுரிராயன் பதினொரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் சொன்னாள்.

"கறுப்பன் ரெண்டும் செத்துப்போச்சி."

"எப்ப?"

"நேத்து மத்தியானம்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "கல்லு?" என்றார்.

"கொல்லையில கெடக்குது."

மிச்சச் சோற்றையும் அவர் சாப்பிட்டார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, "பாண்டு சொல்லிட்டானா?" என்றார்.

"நீ சொல்லல. அவன் சொன்னான்."

"ஸ்டேரிங் புடிக்கறத வுட்டா எனுக்கு இன்னா தெரியும் பொன்னி?"

"தெரியாது. ஆனா அந்த பொம்பளைங்க எந்தப் பக்கமா நடப்பாங்கன்னு நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

அன்று சாயங்கால வண்டியை அவர் எடுக்கவில்லை. முதலாளி சீனுவாசனிடம் போய், கண் சரியில்லை, ராத்திரி வண்டி வேண்டாம் என்று சொன்னார். முதலாளி நல்லவர். வினையே அங்குதான் இருந்தது.

"பதினோரு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டிட்டு, இப்ப கண்ணு சரியில்லன்னா யாரு நம்புவா? வயசாவுது, அசதி. ஒரு வாரம் வூட்ல படு. வர்ற திங்கக்கெழம டெஸ்ட்டு. சர்டிபிகேட்ட கொண்டாந்து என் மேஜை மேல வையி, பகல் வண்டியா போட்டுத் தர்றேன். டாக்டரே நல்லா இருக்குதுன்னு எழுதினா, இல்லன்னு சொல்ல நான் யாரு?"

ஆக, பாட்டைப் பாடினால் வேலை மிஞ்சும். பாட்டு மனப்பாடமாக இருந்தது. பாண்டுரங்கனும் வீட்டுக்கு வந்து சொன்னான்: "பகல்ல நான் இருக்கேன் இல்ல அண்ணே. ஜல்தியா போய் சொல்லிட்டு வா. பேஜாரு இல்லாம முடியும்."

அந்த ஒரு வாரம் சவுரிராயன் வீட்டில் இருந்தார். வெங்கடாசலம் டியூப்லைட்டைக் கழற்ற வந்தபோது, "வெளிச்சம் பத்தலையா?" என்று கேட்டார். "வெளிச்சம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் சவுரிராயன். நூறு வாட்டையும் கழற்றி, பொன்னி பழைய இருபத்தைந்தை மாட்டிவிட்டாள். சூடு தணிந்தது, பாசி அடங்கியது. அவளும் மீன்களும் மட்டும் என்றால் அந்த டின் விளக்கே ஆயுசுக்கும் போதும் என்பது அப்போது இருவருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை உச்சிப் பொழுதில் அவர் பொன்னியைக் கூப்பிட்டு, தொட்டியைக் காலி செய்து கொல்லைப்புறத்துக்கு நகர்த்தச் சொன்னார். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். மறுபடி நாற்பது குடம். தெளிந்த தண்ணீரில் பொன்னி சிவப்பு மீன்களை விட்டாள். வெயில் நேராக இறங்கியது. சவுரிராயன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு தெரியுது" என்றார்.

"நாலு இருக்குதுய்யா."

"நாலும் உசுரோட இருக்குதா?"

"இருக்குது."

சூரியனைவிடப் பெரிய பல்பு வெங்கடாசலம் கடையில் இல்லை. அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். இத்தனை நாளும் அவர் அந்த வீட்டில் சுவரைத் தடவியதில்லை என்று பொன்னி பின்னாளில் என் வீட்டில் சொன்னாள். தடவாமல் நடந்தது அவளை ஏமாற்றவா, தன்னையே ஏமாற்றிக்கொள்ளவா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரியில், உள்ளே நரம்பு வாடிவிட்டது, கண்ணாடியோ ஆபரேஷனோ பயன்படாது என்றார்கள். 1965 வாக்கில் மிச்சமிருந்த பார்வையும் போனது. பொன்னி பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்றாள். அவர் வீட்டில் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தார். வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். பாண்டுரங்கன் பழக்கத்தில் தகரத்தைத் தட்ட, "இன்னாய்யா, காதாண்ட தொல்ல" என்று அவர் அதட்டினார். தாளம் நின்றது. எங்களுக்கு ரயில் கிடைக்க ஆரம்பித்தது. சவுரிராயனுக்குக் கண் தெரியாது என்ற செய்தி பரவியபோது, கரும்பு தின்று சிரித்தவர்களில் சிலர் அவரைக் கொலைகாரன் என்றார்கள். சிலர் பாவம் என்றார்கள். இரண்டு பேச்சும் அவர் காதுக்குப் போனது. இரண்டும் சரிதான் என்றாராம்.

கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே, "பரிசோதனையில் தகுதியற்றவர் எனக் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டார்" என்று இருக்கிறது. யாரும் எதையும் கண்டறியவில்லை. 1963 பிப்ரவரி 18, திங்கட்கிழமை காலை, டாக்டர் அட்டையைக் காட்டியதும், சவுரிராயன் தமக்கு அங்கே ஓர் எழுத்தும் தெரியவில்லை என்றும், போன இரண்டு வருஷமும் பாராமல்தான் சொன்னதாகவும் சொன்னார்.